பாண்ட், தொட்டி, கீரைப் பாத்தி: டர்பன் வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடியும்வரை பெற்றோர்கள் எல்லோரும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கோயில் மண்டபத்தின் வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்போம். உள்ளே பிள்ளைகள் உயிரெழுத்து சொல்லிக்கொண்டிருப்பார்கள், வெளியே பேச்சு பாண்டைப் பற்றி ஓடும். வீட்டுக் கடனுக்கு தென்னாப்பிரிக்காவில் அதுதான் பெயர். நான் நிதி ஆலோசகன் இல்லை. 2006-இல் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணைக் கட்டிக்கொண்ட மெக்கானிக்கல் ஆள். செலவை நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் இருப்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. ஒரே கேள்விக்குப் பத்துத் தடவைக்கு மேல் பதில் சொன்ன பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரி, வட்டி எண்கள் 2025-ஐ ஒட்டியவை. ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

“பணச் சுதந்திரம்னு சொல்றீங்களே, வேலையை விட்டுட்டு வீட்ல உக்கார்றதா?”

இல்லை. நான் அதை மாதக் கணக்கில் பார்க்கிறேன். நாளைக்குச் சம்பளம் நின்றால், யாரிடமும் கை நீட்டாமல் உங்கள் வீடு எத்தனை மாதம் ஓடும்? வராந்தாவில் கேட்டால் பாதிப் பேர் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் “ஒன்றரை” என்பார்கள். மாதம் 40,000 ராண்ட் வாங்குபவரும் ஒன்றரைதான், 18,000 வாங்குபவரும் ஒன்றரைதான். அந்த எண்ணை ஆறு, பன்னிரண்டு, அறுபது என்று ஏற்றிக்கொண்டே போவதைத்தான் சுதந்திரம் என்கிறேன். எண் பெரிதான பிறகு வேலையை விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம்.

“மொத்தமா எவ்வளவு சேர்த்தா போதும்? ஒரு நம்பர் சொல்லுங்க அண்ணா.”

வருடச் செலவைப் போல 25 மடங்கு என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர், முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனால் 30 வருடம் தாங்குமா என்று பழைய சந்தை விவரங்களை வைத்துப் பார்த்தார். அதிலிருந்து வந்தது இது. அது அமெரிக்கச் சந்தை, அமெரிக்க விலைவாசி. ஐம்பது வயதிலேயே ஓய்வு வேண்டும் என்பவர்களுக்கு நான் 30 மடங்கு என்றுதான் சொல்வேன்.

மாதம் 22,000 ராண்ட் செலவாகும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 25 மடங்கு என்றால் 66 லட்சம். கேட்டவுடன் தலை சுற்றும். ஆனால் அந்த 22,000-இல் 9,000 பாண்ட் தவணை. பாண்ட் ஒருநாள் முடியும், அதை 25-ஆல் பெருக்கத் தேவையில்லை. மீதி 13,000-க்கு 39 லட்சம் போதும்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மாதச் செலவில் 1,000 ராண்டை நிரந்தரமாகக் குறைத்தால், சேர்க்க வேண்டிய தொகையில் 3 லட்சம் குறைகிறது. சம்பளத்திலிருந்து 3 லட்சம் மிச்சம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்தானே? சோலார், தண்ணீர்த் தொட்டி, தோட்டம் என்று கீழே வருவதையெல்லாம் இந்த ஒரு படியால்தான் அளக்கப் போகிறேன்.

“பாண்டை சீக்கிரம் அடைக்கிறதா, அந்தப் பணத்தை முதலீடு பண்றதா?”

வராந்தாவில் அதிகம் அடிபடும் கேள்வி இதுதான், நிதானமாகவே போவோம். 9 லட்சம் ராண்ட் கடன், 10.5 சதவீத வட்டி, 20 வருடம். தவணை சுமார் 8,985. முதல் மாதம் வங்கி அனுப்பும் கணக்குத் தாளைப் பார்த்தால் வயிறு எரியும்: 7,875 வட்டிக்குப் போயிருக்கும், அசலில் கழிந்தது வெறும் 1,110. அந்த மாதம் 1,000 ராண்ட் கூடுதலாகக் கட்டினால் அசல் கழிவது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மாதாமாதம் அதே 1,000-ஐக் கட்டிவந்தால் 20 வருடக் கடன் 15 வருடத்துக்குள் முடிந்துவிடும். வட்டியில் மட்டும் சுமார் 3,75,000 மிச்சம்.

கடனில் போட்ட ஒவ்வொரு ராண்டும் உங்களுக்கு 10.5 சதவீதம் சம்பாதித்துத் தருகிறது, அதற்கு வரியும் கிடையாது. நிலையான வைப்புத் தொகையில் அவ்வளவு தர ஆளில்லை. கிடைக்கும் வட்டியிலும் 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வருடம் 23,800-க்கு மேற்பட்டதற்கு வரி உண்டு. பங்குச் சந்தை இதைவிட அதிகம் தரலாம், தராமலும் போகலாம்.

என் கட்சி: ஓய்வு நிதியில் முதலாளியும் பங்கு போடுகிறார் என்றால் அதை முழுதாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கார்டு கடன், கடைக் கணக்கு எல்லாவற்றையும் முதலில் தீருங்கள். அப்புறம் பாண்ட். முதலீடு என்று தனியாக யோசிப்பது அதற்குப் பிறகு. இளவயதுக்காரர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

“இப்ப வட்டி குறையுதே, தவணையும் குறையட்டுமே?”

குறைய விடாதீர்கள். 2020 ஜூலையில் பிரைம் வட்டி, அதாவது வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி, 7 சதவீதம், 2023 மே மாதத்தில் 11.75. அதே 9 லட்சத்தை 20 வருடத்துக்குக் கணக்கிட்டால் தவணை 6,978-இலிருந்து 9,753-க்கு ஏறுகிறது. அந்த ஏற்றத்தைத் தாங்கி மூச்சு விட்டவர்கள்தானே நாம். 2024 செப்டம்பரிலிருந்து இறங்கும்போது பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால், மேலே சொன்ன கூடுதல் 1,000-இல் பெரும்பகுதி பெரிய வலியில்லாமல் தானாக வந்துவிடும்.

“அவசரத்துக்குத் தனியா எதுக்கு? பாண்டுக்குள்ள போட்டு வெச்சா வேணும்போது எடுத்துக்கலாமே?”

அக்சஸ் பாண்ட் நல்ல வசதிதான். கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கலாம், உள்ளே இருக்கும்வரை வட்டி குறையும். ஆனால் எடுப்பது எளிது என்பதுதான் அதன் கெடுதலும். ஒரு தீபாவளிக்கு சோபா, அடுத்த தீபாவளிக்கு டிவி என்று எடுத்து, பத்து வருடம் கழித்தும் கடன் தொடங்கிய இடத்திலேயே நின்ற வீட்டை நான் பார்த்திருக்கிறேன். (யார் வீடு என்று கேட்காதீர்கள். அந்த சோபா இன்னும் எங்கள் ஹாலில்தான் இருக்கிறது.)

இரண்டு மாதச் செலவு சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், அதற்கு மேல் உள்ளது பாண்டுக்குள் போகட்டும். எடுக்கும் வசதியை வங்கி எப்போது நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை போனால் யூ.ஐ.எஃப் என்ற அரசு வேலையின்மைக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அது சம்பளத்தில் ஒரு பகுதிதான், அதிகபட்சம் 365 நாள்தான், கைக்கு வரவும் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியைத் தாண்டவே இந்த இரண்டு மாதம்.

“ரெண்டு பானை திட்டத்துல சேமிப்புப் பானையை உடைச்சு பாண்ட்ல போடலாமா?”

2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வு நிதிக்குப் போகும் புதுப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்கு, இரண்டு பங்கு ஓய்வுப் பானைக்கு. சேமிப்புப் பானையில் வரி ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். எடுத்த தொகை அந்த வருட வருமானத்தோடு சேர்ந்துவிடும். நீங்கள் 31 சதவீத வருமான வரிப் படியில் இருந்தால் 10,000 எடுத்தால் கைக்கு 6,900 வரும், நிதி நிறுவனத்தின் கட்டணம் வேறு. முதல் நாளே 31 சதவீதத்தை இழந்துவிட்டு 10.5 சதவீத வட்டியை மிச்சம் பிடிப்பதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தவணை தவறி வீடே ஏலத்துக்குப் போகும் நிலை என்றால் உடையுங்கள். பானை அதற்குத்தான்.

“வரியில்லா சேமிப்புக் கணக்கு பிள்ளைங்க பேர்ல தொடங்கலாமா?”

தொடங்கலாம். 2025 கணக்கில் வருடத்துக்கு 36,000, வாழ்நாளுக்கு 5 லட்சம் ராண்ட் வரம்பு. மீறினால் மீறிய தொகைக்கு 40 சதவீத அபராதம். பிள்ளையின் வாழ்நாள் வரம்பை நீங்கள் இப்போதே தின்றுவிடுகிறீர்கள் என்பதையும், எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டால் அது புது முதலீடாகவே எண்ணப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் கணக்கு நிரம்பிய பிறகு பிள்ளைகளுடையதைப் பாருங்கள்.

“லோட் ஷெட்டிங்தான் நின்னுபோச்சே, இன்னும் எதுக்கு சோலார்?”

2023-இல் நாளில் பாதி இருட்டில் உட்கார்ந்திருந்தபோது யாரும் கணக்குப் பார்க்கவில்லை, கிடைத்ததை வாங்கினோம். 2024 மார்ச் இறுதியிலிருந்து அந்த மின்வெட்டு நின்றது, 2025-இன் முதல் பாதியில் சில நாள் எட்டிப் பார்த்தது. இப்போது கணக்குப் பார்க்க நேரமிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த மதிப்பீடு 1,15,000. மாதம் 1,100 ராண்ட் மிச்சமாகும் என்றார்கள். அதே 1,15,000-ஐப் பாண்டில் போட்டால் 10.5 சதவீதத்தில் மாதம் சுமார் 1,000 வட்டி மிச்சம், பேட்டரி மாற்ற வேண்டியதில்லை, கூரையேறித் துடைக்கவும் வேண்டாம். சோலார் பக்கம் பேசும் விஷயம் ஒன்றுதான்: மின் கட்டணம். 2025-இல் மட்டும் அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு 12.7 சதவீத உயர்வுக்கு அனுமதி கிடைத்தது. சம்பளம் அப்படி ஏறுகிறதா? ஆக இரண்டும் ஏறக்குறைய சமம். கடன் வாங்கி சோலார் போடுவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. போட்டால் மாநகராட்சியில் பதிவும் மின்சாரச் சான்றிதழும் கட்டாயம். தீ விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

அதற்கு முன்னால் கீசரைப் பாருங்கள். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 7 யூனிட் ஆகும். யூனிட் 3 ராண்ட் என்று வைத்தால் தினம் 21, மாதம் 630. டைமரும் கீசருக்கு ஒரு போர்வையும் போட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடக் குளியல் என்று வைத்ததில் எங்கள் வீட்டில் மாதம் 300 குறைந்தது. இரண்டாம் பதிலில் சொன்ன படியால் அளந்தால் 90,000 ராண்டுக்குச் சமம். மகளோடு குளியலறைக் கதவைத் தட்டித் தட்டிப் போட்ட சண்டை தனிக் கணக்கு.

“ஜோஜோ தொட்டி வெச்சா தண்ணி பில் எவ்வளவு குறையும்?”

பெரிதாகக் குறையாது. ஜோஜோ என்பது இங்கே மழைநீர் பிடிக்க வைக்கும் தொட்டியின் பிராண்ட் பெயர். அதைப் பில்லுக்காக வாங்காதீர்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,200, சிந்தியது போக ஆயிரம் லிட்டர். டர்பனில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை. தோட்டத்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டிய ஜூலையில் தொட்டி காலியாக இருக்கும்.

தொட்டி எதற்கு என்று 2022 ஏப்ரலில் தெரிந்தது. அந்த வெள்ளத்தில் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே சிதைந்து, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. எங்களுக்குப் பதினொரு நாள். எங்கள் 2,500 லிட்டர் தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. என் மாமியார் ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரைத் தொட்டிக் குழாயில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, பல் தேய்க்க ஒன்று, சாப்பிட்ட தட்டுக்கு இரண்டு என்று சட்டம் போட்டுவிட்டார். பக்கத்து நான்கு வீடும் அந்த டம்ளருக்குக் கட்டுப்பட்டன. எட்டாம் நாள் குழாய் களக்களக் என்று காற்று விட்டது. உள்ளே தண்ணீர் இருந்தது, ஆனால் நான் குழாயை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்திருந்தேன். மூடியைத் திறந்து, வாளியைக் கயிற்றில் இறக்கி, சேறு கலங்காமல் மொண்டு, துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தோம்.

ஆகவே நீங்கள் வைக்கும்போது அடியில் வண்டல் கழுவ ஒரு குழாய், அதற்கு நான்கு விரல் மேலே எடுப்பதற்கு ஒரு குழாய் என்று இரண்டு வையுங்கள். முதல் மழையின் கூரை அழுக்கைத் தள்ளிவிட ஒரு திருப்புக் குழாயும் வேண்டும்.

“தோட்டம் போட்டா மிச்சமாகுமா, இல்ல சும்மா பொழுதுபோக்கா?”

1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களும், அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும், ஒப்பந்தம் முடிந்ததும் செய்தது கீரையும் கத்தரியும் போட்டுத் தலைச்சுமையாக விற்றதுதான். 1910-இல் தொடங்கி இன்று டர்பனின் வார்விக் பகுதியில் நடக்கும் காலைச் சந்தை அவர்கள் வளர்த்தது. என் மாமியாரின் அப்பா டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் தோட்டம் வைத்திருந்தார். நிறவெறி ஆட்சியில் இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டபோது, கறிவேப்பிலைக் கன்றைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாராம். அந்த மரத்தின் பக்கக் கன்றுதான் எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கிறது. எனவே இந்தக் கேள்விக்கு என்னிடம் நடுநிலையான பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

கணக்கு வேண்டுமென்றால்: கீரை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, முருங்கை, சேம்பு. இவை நட்டால் வரும், அடிக்கடி காசு கொடுத்து வாங்குபவையும் இவையே. எங்களுக்கு மாதம் 350 வரை மிச்சம். தக்காளி, வாழை, மாம்பழம் எல்லாம் குரங்குக்கு. வலை போட்டால் வலையைப் பிரிக்கிறது, மிளகாய்த் தண்ணீர் தெளித்தால் கழுவித் தின்னும் போலிருக்கிறது. சேம்பையும் மிளகாயையும் மட்டும் தொடுவதில்லை.

“பின்னாடி ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விட்டா பாண்டே அடைஞ்சிடும்னு சொல்றாங்களே?”

பல வீடுகளில் அடைந்திருக்கிறது. மாதம் 4,000 வாடகை வந்து, அது முழுக்கப் பாண்டுக்குள் போனால், மேலே சொன்ன கூடுதல் 1,000-ஐப் போல நான்கு மடங்கு பணம் மாதாமாதம் அசலில் போய் விழும். ஆனால் வரைபட அனுமதி இல்லாமல் கட்டியது பின்னால் கழுத்தைப் பிடிக்கும். விற்கும்போது வாங்குபவரின் வங்கி கேட்கும், இடிந்தால் காப்பீடு கிடைக்காது.

வாடகைதாரர் தரவில்லை என்பதற்காகப் பூட்டை மாற்றவோ தண்ணீரை நிறுத்தவோ முடியாது. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். முன்பணத்தை வட்டி தரும் கணக்கில்தான் வைக்க வேண்டும், வட்டியும் அவருடையது. வாடகை வருமானத்தை வரிக் கணக்கில் காட்டுங்கள். அந்த அறைக்கு உரிய பாண்ட் வட்டி, பழுதுபார்ப்புச் செலவு இவற்றைக் கழித்துக்கொள்ளலாம். மூன்று மாதம் வாடகை வராவிட்டாலும் தவணை கட்ட முடியும் என்றால் மட்டும் கட்டுங்கள்.

“மச்சான் தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேக்கறார். சொந்தத்துல எப்படி முடியாதுன்னு சொல்றது?”

ஜாமீன் தாளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: முதலில் கடன்காரரிடம் வசூலிக்க முயல வேண்டும் என்று கேட்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். மச்சான் ஒரு தவணை தவறினாலே நேராக உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம் என்று அர்த்தம். திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள், கையெழுத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

சொல்லும் வழி கேட்டீர்கள். “அவள் ஒத்துக்கமாட்டேங்கிறாள் மச்சான்” என்று சொல்லலாம், அதில் சட்டமும் இருக்கிறது. சொத்துச் சேர்க்கையில், அதாவது கணவன் மனைவி இருவரின் சொத்தும் கடனும் பொதுவாக இருக்கும் முறையில், திருமணமானவர் ஜாமீன் போட, தொழில் நிமித்தம் இல்லாதபோது, துணையின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும்.

“எங்க கல்யாணம் கோயில்ல நடந்தது, பதிவு பண்ணல. வீடு அவர் பேர்ல. ஏதாவது ஆச்சுன்னா?”

பதிவான திருமணத்தில், முன்கூட்டி ஒப்பந்தம் எதுவும் பதிவு செய்யாவிட்டால் அது சொத்துச் சேர்க்கைத் திருமணம். வீடு யார் பேரில் இருந்தாலும் பாதி பாதி, கடனும் அப்படியே. ஆனால் கோயிலில் மட்டும் நடந்து பதிவாகாத திருமணத்துக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவிக்கும் பங்கு உண்டு என்று 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளும் இருந்தால் துணைக்கு 2,50,000 ராண்ட் அல்லது ஒரு பிள்ளையின் பங்கு, இதில் எது அதிகமோ அது கிடைக்கும். ஆனால் துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு திருமணத்தை நிரூபிக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

இருவரும் உயில் எழுதுங்கள், திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்துப் பெறுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது. வருடந்தோறும் வரும் உயில் வாரத்தில் பல வழக்கறிஞர்கள் அடிப்படை உயிலை இலவசமாக எழுதித் தருகிறார்கள். போன வருடம் வராந்தாவிலிருந்து ஒரே காரில் நான்கு பேர் போனோம்.

“இவ்வளவு பேசறீங்களே மாமா, உங்க வீடு எத்தனை மாசம் ஓடும்?”

இதைக் கேட்டது தமிழ் வகுப்பில் படிக்கும் பதின்மூன்று வயதுப் பையன். மே மாதம் நோட்டில் பதினான்கு என்று எழுதியிருந்தேன். ஜூனில் கீசர் வெடித்து, தண்ணீர் கூரைப் பலகை வழியே மகள் அறைக்குள் இறங்கியது. காப்பீட்டில் கீசருக்குக் கிடைத்தது, பலகைக்கும் கட்டிலுக்கும் கிடைக்கவில்லை. இப்போது பன்னிரண்டரை.